பரிமாறுகிறவர்

பொருநை ஆற்றங்கரையில், மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிற ஓர் இடத்தில், சின்ன மடம் ஒன்று இருந்தது. மத்தியானம் யார் வந்து உட்கார்ந்தாலும் இலை போடுவார்கள். எந்த ஊர், யார் மகன் என்று கேட்கிற வழக்கம் இல்லை.

மடத்துக்குத் தலைவி மரகதம்மா. அங்கே பந்தி பரிமாறுகிறவர் ஆவுடையப்பன். அவருடைய கடைசித் தங்கையைவிடவும் மரகதம்மா இளையவர். ஆனாலும் குரு குருதான். ஆவுடையப்பன் அவரை "அம்மா" என்பார். மரகதம்மா இவரை "அண்ணாச்சி" என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

ஆவுடையப்பன் வாலிபத்திலிருந்து கல்யாண வீடுகளில் பரிமாறியவர். மனைவி காலமான பிறகு ஒருநாள் இந்த மடத்துக்குச் சாப்பிட வந்தார். பரிமாற ஆள் போதாமல் பந்தி தடுமாறிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட கையைக் கழுவினார், சாம்பார் வாளியைத் தூக்கினார். அப்புறம் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை.

அவர் பரிமாறுவதைப் பார்க்க வேண்டும். யாரிடமும் "வேணுமா" என்று கேட்க மாட்டார். சோற்றில் குழி பறிக்கிற விரலைப் பார்த்ததும் ரசம் வந்துவிடும். பிசைகிற கை ஒரு கணம் தயங்கினால் அங்கே பொரியல் இருக்கும். பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்கள், பேச்சை நிறுத்தாமலே வயிறு நிறைந்து எழுந்து போவார்கள். கரண்டி இலையில் பட்ட சத்தம் கேட்காது. ஒரு சொட்டு வெளியே விழாது.

"கை நம்ம பேச்சைக் கேக்கணும்" என்று புதிதாகப் பரிமாற வருகிறவர்களிடம் சொல்வார். தன் கை தன் பேச்சைக் கேட்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

முதலில் சட்டைப் பொத்தான்தான் சண்டை பிடித்தது. துளை தெரிகிறது, பொத்தான் விரலில் இருக்கிறது, ஆனால் உள்ளே போக மறுக்கிறது. பனிக்காலம் என்று விட்டுவிட்டார். பிறகு குரல் தணிந்தது. மடத்தைப் பெருக்குகிற இசக்கியம்மாள், "ஏன் அண்ணாச்சி, இடுப்புல குடம் வெச்ச மாதிரியே நடக்கிய?" என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தார். நடக்கும்போது வலது கை வீசுகிறது. இடது கை விலாவோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது.

குருபூஜை அன்று அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

நீளமான பந்தி. சாம்பார் வாளியோடு பாதி வரிசை வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். அடுத்த இலைக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது. காலைத் தூக்கச் சொல்கிறார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் சோற்றை வைத்துக்கொண்டு ஆட்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பெரியவருக்குத் தூக்கம் வந்துவிட்டது போல என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிறகு கால் விடுபட்டது. விடுபட்ட கால் நிற்கவில்லை. சின்னச் சின்ன அடியாக, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடியது. உடம்பு முன்னால் சாய, நிறுத்தச் சொன்னாலும் நிற்காமல், பந்தியின் கடைசியில் போய் முழங்காலில் விழுந்தார். வாளி உருண்டது. ஒரு அம்மாளின் பட்டுச்சேலை முழுக்கச் சாம்பார்.

அந்த அம்மாள் சேலையைப் பார்க்காமல் இவரைத்தான் தூக்கிவிட்டார். அது இவருக்கு இன்னும் வலித்தது.

மரகதம்மாவே அவரைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார். நரம்பு டாக்டர் ஒருவர். விரலைத் தட்டச் சொன்னார், எழுந்து நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். கடைசியில் இது பார்க்கின்சன் நோய் என்றார். கையில் பலம் இருக்கிறதே டாக்டர், அப்புறம் என்ன குறை என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"பலம் குறையல. எப்படி அள்ளணும், எப்படி வைக்கணும்ங்கிறதும் மறக்கல," என்றார் டாக்டர். "மூளைக்கு அடியில ஒரு இடம் இருக்கு. எப்போ தொடங்கணும், எவ்வளவு வேகமாப் போகணும், எங்க நிறுத்தணும், இதையெல்லாம் நீங்க கேக்காமலே அது பார்த்துக்கிட்டிருந்தது. அதுக்கு வேண்டிய சத்து ஒண்ணு சுரக்கிறது கொறஞ்சு போச்சு."

முழுசாகக் குணமாகாது, மாத்திரையால் பிடித்து வைக்கலாம், நடக்கிறதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மாத்திரை வேலை செய்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு இளகும். அடுத்த மாத்திரை நெருங்கும்போது மறுபடி இறுகும். வாளியை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பந்தி நேரத்தில் சாமான் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். வெளியே கரண்டி சத்தம் கேட்கும். யாரோ அவசரமாகப் பரிமாறுகிறார்கள் என்று அந்தச் சத்தத்திலேயே தெரியும்.

ஒருநாள் அந்த அறையில் மரகதம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஊறுகாய்க்கு வந்த எலுமிச்சம்பழம் ஒரு கூடை. ஆவுடையப்பன் எதிரே வந்து உட்கார்ந்தார். உட்காரவே வெகுநேரம் ஆனது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இத்தனை வருசமா என் கையை நான்தான் ஆட்டுதேன்னு இருந்தேன். இப்போ நான் சொல்லுதேன், கேக்க மாட்டேங்கு. அப்போ இவ்வளவு காலமும் அதுக்குச் சொன்னது யாரு?"

மரகதம்மா கீரையிலிருந்து கண் எடுக்கவில்லை.

"அந்தக் கூடையில ஒரு பழம் எடுத்துத் தாங்க, அண்ணாச்சி."

அவர் கூடையைப் பார்த்தார். கையைப் போகச் சொன்னார். கை சேற்றுக்குள் போகிற மாதிரி போயிற்று. பழத்தைத் தொட்ட விரல்கள் மடங்கவில்லை. மடங்கின பிறகு கை மேலே வரவில்லை. மரகதம்மா ஒரு காம்பை உருவி முடித்தார், இன்னொன்றை எடுத்தார், அதையும் முடித்தார். பழம் அவரிடம் வந்து சேர்ந்தபோது ஆவுடையப்பனுக்கு நெற்றி வேர்த்திருந்தது.

கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் மரகதம்மா. எழுந்தார். கீரைச் சட்டியோடு வாசல்வரை போனார். சட்டென்று திரும்பி, பழத்தை அவர் முகத்தைப் பார்த்து வீசினார்.

என்ன நடந்தது என்று தெரிவதற்குள் பழம் ஆவுடையப்பனின் வலது கைக்குள் இருந்தது.

"யாரு பிடிச்சது?"

அவர் தன் கையையே பார்த்தார். "தெரியலை அம்மா. நான் பிடிக்கச் சொல்லலை. அதுவாப் பிடிச்சிருச்சு."

"அப்போ அவரு இன்னும் உள்ளதான் இருக்காரு போல," என்று சொல்லிவிட்டு மரகதம்மா அடுக்களைக்குப் போனார்.

ஆவுடையப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. வீசின பழத்தைப் பிடிக்கிற கை, ஒரு கரண்டி சோறு வைக்காதா? முடியாது என்றால் முடியாது என்று இருந்துவிட்டுப் போகட்டுமே. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விளையாட்டுக் காட்டுகிறாரே அம்மா. பரிமாற முடியாதவன் மடத்தில் இலையைப் போட்டு உட்கார்ந்து தின்பது சரியில்லை என்று அவருக்குப் பட்டது. தூத்துக்குடியில் மகள் இருக்கிறாள். கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

மறுநாள் விடியும்போது இரண்டு வேட்டியையும் மாத்திரையையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். யாரிடமும் சொல்லவில்லை.

மடத்து வாசலில் ஒரு கல்படி. அதைத் தாண்டினால் ரோடு. படிக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. உடம்பு போகிறேன் என்கிறது, பாதம் மாட்டேன் என்கிறது. தூணைப் பிடித்துக்கொண்டார். தள்ளிப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார். போகவும் முடியாமல் இருக்கவும் மனமில்லாமல், பையோடு அங்கேயே நின்றார்.

இசக்கியம்மாள் வாசல் தெளிக்க வந்தாள். யாரையோ எதிர்பார்த்து நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். பையைப் பார்த்துவிட்டு எங்கே என்று கேட்டாள். தூத்துக்குடி என்றார். பையைத் தாங்க, பஸ் நிற்கிற இடம்வரை நான் கொண்டுவருகிறேன் என்று அவள் கை நீட்டினாள். மற்றக் கையிலிருந்த விளக்குமாறு நழுவி, அவர் காலுக்கு முன்னால் குறுக்கே விழுந்தது.

ஆவுடையப்பன் அதைப் பார்த்தார். கால் தானாக உயர்ந்தது. விளக்குமாற்றைத் தாண்டிக் கல்படியில் ஊன்றியது. அடுத்த காலும் பின்னாலேயே வந்தது. ரோட்டில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தார். இசக்கி எதையும் கவனிக்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

வழியில் மரகதம்மா ஆற்றிலிருந்து குளித்து ஈரச்சேலையோடு வந்துகொண்டிருந்தார். பையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார்.

"மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா, அண்ணாச்சி?"

"எடுத்துக்கிட்டேன் அம்மா."

"சரி, போயிட்டு வாங்க."

அவ்வளவுதான்.

பஸ் நிற்கிற இடத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு இசக்கி வேலையைப் பார்க்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்தது. அம்பாசமுத்திரம் போகிற பஸ். ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். ஆவுடையப்பன் அவர்கள் காலைப் பார்த்தார்.

ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு, செல்போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே ஏறினாள். படி எவ்வளவு உயரம் என்று அவள் பார்க்கவில்லை. கால் சரியான உயரத்துக்கு எழுந்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் கம்பியை ஓடிவந்து ஒருவன் பிடித்தான். பஸ் நகருகிற வேகமும் அவன் கை நீளுகிற வேகமும் ஒரு மயிரிழை பிசகவில்லை. பிடித்தவன் சிரித்துக்கொண்டே கூட்டாளியிடம் எதையோ சொன்னான். தன் கை என்ன செய்தது என்று அவனுக்குத் தெரியாது.

எனக்கும் இப்படித்தானே நடந்தது என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். எத்தனை ஆயிரம் இலை. எத்தனை ஊர். ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவந்தபோது கொதிக்கிற ரசத்தோடு சட்டென்று நின்றது உண்டு. தாலி கட்டின அன்று கை நடுங்கினாலும் முடிச்சு விழுந்தது. மகள் தவழ்ந்த வயதில் கட்டிலிலிருந்து உருண்டபோது, தரையில் படுமுன் இந்தக் கைதான் ஏந்திக்கொண்டது. அத்தனையும் கேட்காமல் கிடைத்தது. ஒருநாளும் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

அவருக்குக் கண் நிறைந்தது. அது துக்கமா என்று பார்த்தார். இல்லை. நெடுநாள் நம் வீட்டுக்கு உழைத்த ஒருவரை, அவர் களைத்துப் படுத்த பிறகுதான் அடையாளம் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

தூத்துக்குடி பஸ் வந்தது. ஏறுகிறாரா என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்று தலையசைத்தார்.

மெதுவாகத் திரும்பி நடந்தார். மடத்து வாசலில் அதே கல்படி. கால் மறுபடி நின்றது. உள்ளே இசக்கி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பனுக்கு ஒருத்தரிடம் ஒன்றைக் கேட்டுப் பழக்கம் இல்லை. கேட்காமல் கொடுத்தே பழகியவர். நாக்கில் வார்த்தை வந்து வந்து போனது. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

"இசக்கி," என்று கூப்பிட்டார். "அந்த விளக்குமாத்தைக் கொஞ்சம் இங்க குறுக்கே போடு தாயி."

அவள் எதற்கு என்று கேட்காமல் கொண்டுவந்து போட்டாள். அவர் தாண்டி உள்ளே வந்தார். வந்தவர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோலப்பொடி ஒட்டின கையோடு அவளும் கும்பிட்டாள்.

காலைக் கஞ்சி அவருக்கும் எடுத்து மூடி வைத்திருந்தார்கள்.

விளக்குமாறு விஷயத்தை அவர்தான் அம்மாவிடம் சொன்னார். மரகதம்மா கவனமாகக் கேட்டார். மத்தியானம் பந்திக்கூடத்தில் இலை போடுமுன் இசக்கியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு இலைக்கும் முன்னால் கோலப்பொடியால் ஒரு கோடு போடச் சொன்னார். ஆவுடையப்பன் முதல் கோட்டைப் பார்த்தார். தாண்டினார். அடுத்ததைப் பார்த்தார். தாண்டினார். கூடத்தின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி நின்றபோது அவர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பும்கூட மெதுவாகத்தான் வந்தது.

அடுத்த தடவை போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னார்கள். அவருக்கும் சந்தோஷம். உள்ளேயிருந்து வருகிற தாளம் தேய்ந்துபோனால், கண் வழியாகவோ காது வழியாகவோ வருகிற தாளம் வேறு பாதையில் போய்க் காலைத் தூக்கும் என்றார். எல்லா நாளும் கால் கேட்கும் என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார்.

அது உண்மைதான். சில நாள் கோடு இருந்தும் கால் நின்றது.

சாம்பார் வாளியை இப்போது பீர்முகமது தூக்கினார். ஆட்டோ ஓட்டுகிறவர், தினம் அங்கே சாப்பிடுகிறவர், தானாக வந்து கேட்டு வாங்கிக்கொண்டார். ஆவுடையப்பனுக்கு உப்புக் கிண்ணம் வந்தது. இலையில் முதலில் விழுவது உப்புதான். இலகுவான வேலை. முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிப்போனது.

காலையில் சட்டை போடும்போது அவர் தனக்குள் ஏதோ முணுமுணுப்பதை இசக்கி கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு பொத்தானும் துளைக்குள் போனதும், "சந்தோசம்ப்பா" என்பார். யாரிடம் சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டாள். கையிடம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை, கைக்குச் சொல்கிறவரிடம் என்றார். அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து கோட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டாள்.

ஐப்பசியில் ஒருநாள் விடாத மழை. பக்கத்துக் கோயிலுக்கு வந்தவர்களெல்லாம் மடத்தில் ஒதுங்கிவிட்டார்கள். கூடம் நிறைந்துவிட்டது. அன்று மாத்திரை போடப் பிந்திவிட்டது. ஆவுடையப்பன் உப்புக் கிண்ணத்தோடு வரிசையில் பாதி வந்தார், நின்றார்.

கோடு இருந்தது. கால் வரவில்லை.

பின்னால் பீர்முகமது அன்று சோற்றுத் தாம்பாளத்தோடு நின்றார். அவரைத் தாண்டிப் போகவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாரும் அந்தக் கிண்ணத்தையும் அதற்குள் இருந்த விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல்கள் உப்பை எடுத்தன. கை இலைக்கு மேலே வந்தது. ஒரு சிட்டிகை விழுந்தது. யாரோ மூச்சு விட்டார்கள். கால் அசைந்தது.

மரகதம்மா எப்போதும் வரிசையின் கடைசி இலையில்தான் உட்காருவார். உப்பு அங்கே வந்து சேர்ந்தபோது தாம்பாளத்தில் சோறு ஆறியிருந்தது. ஆவுடையப்பன் குனிந்து வைத்தார். நிமிர்ந்தார்.

"எல்லாரையும் காக்க வெச்சிட்டேன் அம்மா. மன்னிக்கணும். முன்னால எல்லாம் இலை விரிக்கும்போதே உப்பு விழுந்திருக்கும்."

மரகதம்மா இலையின் ஓரத்தில் இருந்த அந்தச் சிட்டிகை உப்பைப் பார்த்தார்.

"முன்னால எல்லாம் அது இலையிலேயே முளைச்சதுன்னு நினைச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம், அண்ணாச்சி," என்றார். "இப்போதான் வைக்க ஒரு கை இருக்குன்னு தெரியுது."